ஓர் இலையைப் பார்க்கக் கற்போம்: நீர்வண்ணத்தில் செடிகள்



இந்த மாதப் பாடத்தை ஒரு சின்னச் சோதனையோடு தொடங்குவோம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுத் துளசிச் செடியை மனத்துக்குள் கொண்டு வாருங்கள். அதன் தண்டு உருண்டையா, சதுரமா? இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக முளைக்கின்றனவா, எதிரெதிரே ஜோடியாக முளைக்கின்றனவா? இலையின் ஓரம் வழுவழுப்பாக இருக்குமா, பல் பல்லாக இருக்குமா?

தெரியலையா? பரவாயில்லை. எங்கள் கிளையின் ஞாயிறு வகுப்பில் இதைக் கேட்டபோது ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்களே தவிர, யாரும் முழுசாகப் பதில் சொல்லவில்லை. அத்தனை பேர் வீட்டிலும் துளசி இருக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம், விளக்கு வைக்கிறோம், சுற்றி வந்து கும்பிடுகிறோம். ஆனால் பார்க்கிறோமா?

கோயிலுக்குப் போவதை நாம் ‘தரிசனத்துக்குப் போறேன்’ என்றுதான் சொல்கிறோம். தரிசனம் என்றால் பார்த்தல். நம் வழிபாட்டில் பார்ப்பதே ஒரு பெரிய செயல். அந்தப் பார்வையை எப்படிப் பழக்குவது என்று கேட்டால், நான் சொல்லும் ஒரு வழி இதுதான்: ஒரு செடியை நீர்வண்ணத்தில் வரைந்து பாருங்கள். ஓவியர் ஆவதற்காகச் சொல்லவில்லை. ஒரு பொருளின் முன்னால் அரை மணி நேரம் அமைதியாக உட்காரக் கற்றுக்கொள்வதற்காகச் சொல்கிறேன். கைப்பேசித் திரையில் விரல் ஓடும் வேகத்தில் நம் மனமும் ஓடிப் பழகிவிட்டது. அதைக் கொஞ்சம் நிறுத்திவைக்க ஓர் இலை போதும்.

செடியும் நாமும்

செடிகளைக் கவனிப்பது தமிழர்களுக்குப் புதிது அல்ல. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலங்களுக்கே தாவரங்களின் பெயரை வைத்தவர்கள் நாம். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். இன்று நம்மில் எத்தனை பேரால் பத்துப் பூக்களின் பெயரைத் தமிழில் சொல்ல முடியும்?

கோயில்களுக்கும் தல மரம் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை, மதுரைக்குக் கடம்பு, திருவானைக்காவுக்கு வெண்ணாவல். ‘அதெல்லாம் தமிழ்நாட்டு மரங்கள், நமக்கு எங்கே கிடைக்கும்?’ என்று நினைக்காதீர்கள். தில்லை ஒரு சதுப்புநில மரம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் காடு இருக்கிறதல்லவா, அந்த வகை நிலத்தில் வளர்வது. அதே மரம் நம் மலேசிய, சிங்கப்பூர்க் கடலோரச் சதுப்புக் காடுகளிலும் வளர்கிறது. மலாய் மொழியில் அதற்குப் ‘பூத்தா-பூத்தா’ என்று பெயர். பூத்தா என்றால் குருடு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் வந்த பெயர். ஆகவே அதைத் தொடாமல், ஒடிக்காமல், தள்ளி நின்று வரையுங்கள். உதிர்வதற்கு முன்னால் அதன் முதிய இலைகள் சிவந்துவிடும். வண்ணம் தீட்டுகிறவர்களுக்கு அது நல்ல விருந்து.

கடம்பும் இங்கே இருக்கிறது. சாலையோரத்திலும் ஆற்றோரத்திலும் நேராக உயர்ந்து, பெரிய பெரிய இலைகளோடு நிற்கும் ‘கெலெம்பாயான்’ மரம்தான் அது. மஞ்சள் நிறத்தில் பந்து போல் பூக்கும். பஸ்ஸில் போகும்போது நாம் எத்தனை முறை அதைத் தாண்டிப் போயிருப்போம்!

வரைந்தவர்கள் யார்?

நம் வட்டாரத்தில் செடிகளை நீர்வண்ணத்தில் வரைவதற்கு 200 ஆண்டு வரலாறு உண்டு. 1803 முதல் 1818 வரை மலாக்காவில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஃபார்குவார், இந்த மண்ணின் செடிகளையும் விலங்குகளையும் வரையச் சொன்னார். அப்படி உருவான 477 ஓவியங்கள் இன்று சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்தின் வசம் இருக்கின்றன. வரைந்தவர்கள் சீன ஓவியர்கள் என்று கருதப்படுகிறது. ஆனால் அவர்களின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. தொகுப்புக்கு வரையச் சொன்னவரின் பெயர் இருக்கிறது, வரைந்தவரின் பெயர் இல்லை.

அதே நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் வேறு மாதிரி நடந்தது. ராபர்ட் வைட் என்ற தாவரவியல் அறிஞரிடம் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள் வேலை செய்தார்கள். வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட பெரிய தாவர நூல் வரிசையில் 2,000க்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. அவர் தம் ஓவியர்களின் பெயரை மறைக்கவில்லை. ஓர் ஆர்க்கிட் வகைக்கே கோவிந்துவின் பெயரைச் சூட்டினார்.

அடுத்து நம் வீட்டுக் கதைக்கே வருவோம். 1859இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 1888இல் ஹென்றி ரிட்லி பொறுப்பாளராக வந்தார். அவர் காலத்தில் இலங்கையிலிருந்து வந்த டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள் அங்கே செடிகளை வரைந்தார்கள். அந்த ரிட்லிதான் ரப்பர் மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சோதித்துப் பரப்பியவர். நம் பாட்டன் பூட்டன்மார் பலரை இந்த நாட்டுக்குக் கப்பலேற்றி வரவழைத்த ரப்பர்த் தோட்டங்களுக்குப் பின்னால், ஒரு மரத்தின் பட்டையைப் பொறுமையாகக் கவனித்த வேலை இருக்கிறது. ஒரு செடியைக் கூர்ந்து பார்ப்பது வெறும் பொழுதுபோக்கு என்று இனி யாராவது சொன்னால், இதை ஞாபகப்படுத்துங்கள்.

இதிலிருந்து நம் முதல் விதி: வரைந்து முடித்ததும் செடியின் பெயர், இடம், தேதி, உங்கள் பெயர் நான்கையும் கீழே எழுதுங்கள். அது கர்வம் ஆகாது. நாளைக்குப் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சாட்சி.

என்ன வேண்டும்?

அதிகம் செலவு செய்ய வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்புக்கு வாங்கிய டியூப் வண்ணங்கள் வீட்டில் எங்காவது கிடக்கும். அதுவே போதும். அதில் மஞ்சள், சிவப்பு, நீலம் என்ற மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தூரிகை இரண்டு: நுனி கூராக வரும் வட்டத் தூரிகை, 8ஆம் எண்ணில் ஒன்று, 2ஆம் எண்ணில் ஒன்று. தண்ணீருக்கு இரண்டு குவளை. ஒன்று கழுவ, இன்னொன்று சுத்தமான நீர் எடுக்க. பழைய துணி ஒன்று.

காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம் காகிதம்தான். சாதாரண வெள்ளைத்தாள் நனைந்தால் சுருங்கிவிடும். கடையில் 300 ஜி.எஸ்.எம். நீர்வண்ணக் காகிதம் என்று கேளுங்கள். பெரிய தாள் வாங்கி நான்காக வெட்டினால் செலவு குறையும். நம் ஊர் ஈரத்தில் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். காலணிப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைக் காகிதத்தோடு போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வையுங்கள்.

பச்சை வண்ணம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். டியூப்பில் வரும் பச்சை எந்த இலையிலும் இல்லாத பச்சை. மஞ்சளும் நீலமும் கலந்து நாமே செய்வோம். ரொம்பப் பளிச்சென்று இருந்தால் ஒரு துளி சிவப்பு சேருங்கள், அடங்கிவிடும். மாந்தளிருக்குச் சிவப்பு கூடும், வாழைக் குருத்துக்கு மஞ்சள் கூடும், வெற்றிலைக்கு நீலம் கூடும். ஒரே நாளில் பத்துப் பச்சை செய்து, சின்னச் சின்னக் கட்டங்களில் பூசிப் பாருங்கள். பச்சை என்பது ஒரு நிறம் அல்ல, ஒரு குடும்பம் என்று அன்றைக்குப் புரியும்.

முதல் பயிற்சி: பத்து நிமிடம் பார்த்தல் (துளசி)

துளசியின் முன்னால் உட்காருங்கள். பத்து நிமிடம் வரையக் கூடாது, படம் எடுக்கவும் கூடாது. பார்க்க மட்டும் வேண்டும். இளந்தண்டை விரலால் மெல்லத் தடவுங்கள். நான்கு மூலை தட்டுப்படும். ஆமாம், துளசியின் தண்டு சதுரம். இலைகள் எதிரெதிரே ஜோடியாக முளைக்கும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால், அதற்கு மேலே உள்ள ஜோடி வடக்கு தெற்காக இருக்கும். மேல் இலை கீழ் இலையின் வெயிலை மறைக்காமல் இருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு. ஓரங்களில் சின்னப் பற்கள் இருக்கும். பூக்கள் நுனிக் கதிரில் அடுக்கடுக்காக வரும்.

இப்போது பென்சிலை எடுங்கள். நம் மூளை சும்மா இருக்காது. ‘இலைதானே, எனக்குத் தெரியும்’ என்று சொல்லி, சின்ன வயதில் போட்ட பாதாம் வடிவ இலையைக் கையில் திணிக்கும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். தெரிந்ததை வரையாமல், தெரிவதை வரையுங்கள். ஓர் இலை பக்கவாட்டில் திரும்பியிருந்தால் அது மெல்லிய கோடாகத்தான் தெரியும். அதை அப்படியே போடுங்கள்.

இந்தப் பழக்கம் செடியோடு நிற்பதில்லை. மனிதர்களையும் நாம் இப்படித்தான் ‘எனக்குத் தெரியும்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். ‘அப்பா எப்பவும் இப்படித்தான்’, ‘அவன் அந்த மாதிரி ஆளு’. பத்து நிமிடம் பார்த்தால் சதுரத் தண்டு தெரிவது போல, அவர்களிடமும் நாம் கவனிக்காத ஏதோ ஒன்று தெரியலாம்.

இரண்டாம் பயிற்சி: வெள்ளையை விட்டுவைத்தல் (வில்வம்)

நீர்வண்ணம் என்பது நிறப்பொடியும் மரப்பிசினும் சேர்ந்தது. தண்ணீரில் கரைத்துப் பூசினால் கண்ணாடி போல் மெல்லிய படலமாகப் படியும். வெளிச்சம் அதன் வழியாகப் போய், அடியில் இருக்கும் வெள்ளைக் காகிதத்தில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. நீர்வண்ண ஓவியம் உள்ளுக்குள்ளிருந்து ஒளிர்வது போல் தெரிவதற்கு அதுதான் காரணம். ஆகவே இங்கே வெள்ளை வண்ணம் தேவையில்லை, காகிதமே வெள்ளை. இலையின் மேல் வெயில் பளபளக்கும் இடத்தை முதலிலேயே குறித்துக்கொண்டு, அங்கே தூரிகையே வைக்காமல் விட வேண்டும்.

வில்வ இலையில் இதைப் பழகுங்கள். ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள் இருக்கும். நடு இலையின் காம்பு மட்டும் கொஞ்சம் நீளம். கிளையில் முள் உண்டு, கவனம். மூன்று சிற்றிலைகளையும் சிவபெருமானின் மூன்று கண்களாகச் சொல்வது நம் மரபு. ஒவ்வொரு சிற்றிலையிலும் ஒரு கீற்று வெளிச்சத்தை விட்டுவிட்டு, மீதியை நிரப்புங்கள்.

இது சொல்ல எளிது, செய்யக் கஷ்டம். இடம் காலியாக இருந்தால் கை பரபரக்கும், நிரப்பிவிடத் தோன்றும். பேச்சிலும் இதே பரபரப்பு இருக்கிறது இல்லையா? வீட்டில் ஒரு சண்டை வரும்போது, பதிலுக்குச் சொல்ல நாக்கு நுனியில் ஒரு வார்த்தை துடிக்கும். அதைச் சொல்லாமல் விடுவதும் ஒரு திறமை. ஒரு முறை பூசிய இடத்தில் பழைய வெள்ளை அப்படியே திரும்பி வராது. ஈரத் துணியால் ஒற்றி எடுத்தாலும் ஒரு நிழல் தங்கிவிடும்.

மூன்றாம் பயிற்சி: காத்திருத்தல் (செம்பருத்தி)

1960இல் மலேசியாவின் தேசிய மலரான புங்கா ராயாவைத்தான் நாம் செம்பருத்தி என்று சொல்லி அம்மனுக்குச் சாத்துகிறோம். ஐந்து இதழ்கள் ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளைக் குறிக்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆனால் அந்த ஐந்தும் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று பார்த்தீர்களா? ஒவ்வோர் இதழும் ஒரு பக்கத்தில் அடுத்த இதழின் மேலும், மறு பக்கத்தில் இன்னோர் இதழின் கீழும் இருக்கும். ஐந்தில் ஒன்றுகூட முழுக்க மேலே இல்லை, ஒன்றுகூட முழுக்க அடியிலும் இல்லை. இது ஒற்றை அடுக்குப் பூவில்தான் தெளிவாகத் தெரியும். நடுவில் நீண்டு வரும் தண்டில் மகரந்தப் பைகள் மஞ்சளாகத் தொங்கும். நுனியில் ஐந்து சின்னப் பொட்டுகள்.

இந்தப் பூவைப் படலம் படலமாகத் தீட்டுங்கள். முதலில் தண்ணீர் அதிகம் சேர்த்த இளஞ்சிவப்பு. அது முழுசாகக் காய்ந்த பிறகு, மடிப்புகளில் இரண்டாவது படலம். அதுவும் காய்ந்ததும் நடுவில் அடர்ந்த சிவப்பு. பாதி காய்ந்த நேரத்தில் ஈரத் தூரிகையை வைத்தால் தண்ணீர் வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய், காலிஃபிளவர் பூ மாதிரி ஒரு திட்டு போட்டுவிடும். காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் புறங்கையைக் காகிதத்தின் மேல் மெல்ல வையுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

மழை நாளில் ஒரு படலம் காய ரொம்ப நேரம் ஆகும். காற்றாடியைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆனால் பூ காத்திருக்காது. செம்பருத்தி பெரும்பாலும் ஒரே நாள் பூ. காலையில் விரிந்தது மறுநாள் சுருண்டுவிடும். அவசரப்படவும் முடியாது, தள்ளிப்போடவும் முடியாது. அதனால் காலையிலேயே உட்காருங்கள், உட்கார்ந்த பிறகு நிதானமாக இருங்கள். இந்த இரண்டையும் ஒன்றாகப் பழக வேறு நல்ல ஆசிரியர் எனக்குத் தெரியவில்லை.

நான்காம் பயிற்சி: நீரோடு உடன்படுதல் (வெற்றிலை)

இலை வடிவத்துக்குள் சுத்தமான தண்ணீரை மட்டும் பூசுங்கள். அது பளபளக்கும்போது ஒரு பக்கத்தில் மஞ்சளையும் மறுபக்கத்தில் நீலத்தையும் தொட்டுவிடுங்கள். இரண்டும் தாமாக நகர்ந்து நடுவில் கலந்து பச்சையாகும். எங்கே கலக்கும், எவ்வளவு பரவும் என்பது முழுக்க நம் கையில் இல்லை. தண்ணீர் எவ்வளவு, வண்ணம் எவ்வளவு, காகிதத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பது நம் கையில். அதற்கு மேல் நீர் பார்த்துக்கொள்ளும்.

எங்கள் வகுப்பில் ஒரு தங்கை இருந்தார். மேல்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தார். நல்ல புள்ளி எடுத்தும் கேட்ட துறை கிடைக்கவில்லை. ‘எல்லாம் சரியாத்தானே செஞ்சேன் அக்கா, அப்புறம் ஏன்?’ என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றைய வகுப்பில் எல்லாரோடும் அவரும் வெற்றிலை போட்டார். ஆறு இலை போட்டார். ஆறும் ஆறு மாதிரி வந்தது. கடைசியில் அவரே சொன்னார்: ‘நான் செஞ்சது ஆறுலயும் ஒண்ணுதான்.’

கீதையில் கண்ணன் அர்ஜுனனுக்குச் சொல்லும் கர்மயோகத்தை நாம் சமய வகுப்பில் கேட்டிருக்கிறோம். செயலில் நமக்கு உரிமை உண்டு, பலனில் இல்லை. கேட்கும்போது, தோற்றவர்களைச் சமாதானப்படுத்தும் பேச்சு போல் தோன்றலாம். ஆனால் ஈரக் காகிதத்தின் முன்னால் உட்கார்ந்தால் அது வேறு மாதிரிப் புரிகிறது. பலன் நம் கையில் இல்லை என்பதற்காக யாரும் தூரிகையைக் கவனமில்லாமல் பிடிப்பதில்லை. இன்னும் கவனமாகத்தான் பிடிக்கிறோம். அந்தத் தங்கைக்கு வருத்தம் அன்றே தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வாரம் வேறு துறைக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பினார். அதையும் கவனமாகத்தான் நிரப்பினார்.

பாட்டியும் கீழாநெல்லியும்

இந்தப் பயிற்சி நம்மை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் கிளைத் தம்பி ஒருவர் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்கிறார். அதிகம் பேசமாட்டார். அவருடைய பாட்டி பிறந்து வளர்ந்து பால் வெட்டிய தோட்டம் வீடமைப்புக்காகக் கைமாறியது. லயத்து வீட்டைக் காலி செய்ய ஒரு மாதம் இருந்தது. பாட்டி அடுக்குமாடி வீட்டுக்குப் போக வேண்டும். சாமி படம், சட்டி பானை எல்லாம் எடுத்துப் போகலாம். வீட்டைச் சுற்றி இருந்த செடிகளை எப்படி எடுத்துப் போவது?

தம்பி காகிதத்தை எடுத்துக்கொண்டு போனார். வேலை முடிந்து ஒரு நாள் அந்திக்குப் போய், வாசல் ஓரத்தில் இருந்த ஒரு சின்னச் செடியின் முன்னால் உட்கார்ந்தார். பாட்டி எட்டிப் பார்த்துச் சிரித்தார். ‘அது கீழாநெல்லிப்பா. இப்போ தூங்கிடுச்சு. காலையில வந்து வரை.’

உண்மைதான். பொழுது சாய்ந்தால் கீழாநெல்லியின் சிற்றிலைகள் மடிந்துகொள்ளும், விடிந்ததும் விரியும். தம்பி மடிந்ததையும் வரைந்தார், மறுநாள் காலையில் வந்து விரிந்ததையும் வரைந்தார். இலை வரிசைக்கு அடியில் காய்கள் மணி மணியாகத் தொங்குவதைப் பாட்டி திருப்பிக் காட்டினார். கீழே நெல்லி இருப்பதால் கீழாநெல்லி. மலாய்க்காரர்கள் அதையே ‘டுக்கோங் அனாக்’ என்கிறார்கள். பிள்ளையைச் சுமப்பது என்று பொருள். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே இடத்தை உற்றுப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள் பதினொரு செடிகள் ஆயின. குப்பைமேனி, தூதுவளை, கற்பூரவல்லி, மருதாணி, கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றுக்கும் கீழே பாட்டி சொன்ன பெயரையும், அதை யார் நட்டார்கள் என்பதையும் தம்பி எழுதினார். மருதாணியை நட்டது 30 வருடத்துக்கு முன் இறந்துபோன அவருடைய தாத்தா என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. படங்கள் பிரமாதம் என்று சொல்ல முடியாது. கோடு கோணல், சில இடத்தில் வண்ணம் வழிந்திருக்கிறது. இப்போது லயம் இல்லை. அந்தக் கோப்பு இருக்கிறது. ‘முன்னாடி பாட்டி வீட்டுக்குப் போனா என்ன பேசுறதுன்னே தெரியாது அக்கா. இப்போ நேரம் போறதே தெரியல’ என்கிறார் தம்பி.

தன்முன்னேற்றம் என்றால் மேடையேறிப் பேசுவதும் சான்றிதழ் வாங்குவதும் மட்டும்தான் என்று நினைக்கிறோம். ஒரு பேரன் பாட்டியோடு பேச ஆரம்பித்ததை நான் அந்தக் கணக்கில் முதலில் வைப்பேன்.

பார்த்ததிலிருந்து படைப்பு

‘எனக்குக் கற்பனை வராது’ என்று பலர் சொல்வார்கள். கற்பனை வெறும் மனத்திலிருந்து வருவதில்லை, பார்த்துச் சேர்த்துவைத்ததிலிருந்து வருகிறது. துளசியை நேர் மேலிருந்து பாருங்கள். கீழே பெரிய இலைகள், மேலே போகப்போகச் சின்ன இலைகள், எல்லாம் கூட்டல் குறி வடிவில் அடுக்கியிருக்கும். அது ஒரு கோலம்! எங்கள் வகுப்பில் அதை அப்படியே நான்கு பக்கம் விரித்து, நவராத்திரிக்குக் கோலம் போட்டோம். அரச இலையின் நீண்ட நுனி, மழைநீரை வழியவிடுவதற்காக இருப்பது. அந்த நுனியை வரிசையாக வைத்தால் தோரணம் ஆகிறது. செம்பருத்தியின் மேலும் கீழுமான இதழ் அடுக்கை வைத்து ஒரு தங்கை பொங்கல் வாழ்த்து அட்டை செய்தார்.

வழிமுறை இதுதான்: முதலில் உள்ளது உள்ளபடி வரையுங்கள். அடுத்து, அதில் உங்களை ஈர்த்த ஒரே ஒரு வடிவத்தைத் தனியே எடுங்கள். பிறகு அதைத் திருப்புங்கள், அடுக்குங்கள், பெரிதாக்குங்கள். இணையத்தில் கிடைக்கும் படத்தைப் பார்த்துப் போட்டால் நகல் வரும். செடியைப் பார்த்துப் போட்டால் உங்கள் கையெழுத்து வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கீதையின் 9ஆம் அத்தியாயத்தில், அன்போடு தரும் இலையோ பூவோ பழமோ நீரோ எதுவானாலும் தாம் ஏற்பதாகக் கண்ணன் சொல்கிறார். நம் பாடத்தில் இலை இருக்கிறது, பூ இருக்கிறது, நீரும் இருக்கிறது. பொழுது சாய்ந்தபின் துளசியைப் பறிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வரைவதற்கு அந்தத் தடை இல்லை. செடியிலிருந்து எதையும் எடுக்காமல் செய்யும் அர்ச்சனை இது.

நான்கு வாரத் திட்டம்

முதல் வாரம்: துளசி. பென்சில் மட்டும். தினம் 20 நிமிடம், ஒரு நாளைக்கு ஒரு கிளை.

இரண்டாம் வாரம்: பச்சைக் கட்டங்கள் பத்து. பிறகு வில்வம், அல்லது கிடைக்காவிட்டால் கறிவேப்பிலை. வெளிச்சத்தை விட்டுவைத்து ஒரே படலம்.

மூன்றாம் வாரம்: செம்பருத்தி. மூன்று படலம். கிளை நண்பர்களோடு ஒரு ஞாயிறு காலை சேர்ந்து செய்யுங்கள்.

நான்காம் வாரம்: வெற்றிலை, ஈரத்தின் மேல் ஈரம். அதோடு, வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டு உங்களுக்குப் பெயர் தெரியாத ஒரு செடியை வரையுங்கள். பெயரையும் அவர் சொன்ன கதையையும் கீழே எழுதுங்கள்.

விடுமுறையில் குழுவாக வெளியே போகலாம். 1884இல் தொடங்கிய பினாங்குத் தாவரவியல் பூங்கா, கெப்போங் வன ஆராய்ச்சிக் கழக வளாகம், கோலா சிலாங்கூர்ச் சதுப்பு நிலம், சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குச் சுங்கை பூலோ என்று இடங்களுக்குப் பஞ்சமில்லை. எங்கேயும் பறிக்காதீர்கள், பார்த்து வரைந்துவிட்டு வாருங்கள்.

கலந்துரையாட

1. நீங்கள் தினமும் பார்த்தும் கவனிக்காத ஒரு பொருள் எது? ஒரு மனிதர் யார்?

2. சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று தோன்றும் சந்தர்ப்பங்கள் நம் வாழ்வில் எப்போது வருகின்றன? அந்த நேரத்தில் எது நமக்கு உதவும்?

3. ‘முயற்சி நம் கையில், பலன் நம் கையில் இல்லை’ என்பதைச் சோம்பலுக்குச் சாக்காகச் சொல்வதற்கும், கர்மயோகமாக வாழ்வதற்கும் என்ன வேறுபாடு?

4. உங்கள் வட்டாரத்தில் கைமாறப்போகும் தோட்டமோ, இடம் மாறப்போகும் கோயிலோ இருக்கிறதா? அங்கே உள்ள செடிகளையும் மரங்களையும் உங்கள் கிளை எப்படிப் பதிவு செய்யலாம்?

நான்காவது கேள்வியைப் பேசியதோடு விட்டுவிடாதீர்கள், தம்பி தங்கைகளே. கூட்டம் முடிவதற்குள் யார் போவது, எந்த ஞாயிறு போவது என்று பெயரும் தேதியும் எழுதிவிடுங்கள். காகிதம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.